கான்கிரீட் விரிசல் விடும்; எங்கே விடவேண்டும் என்பதுதான் டிசைன்

"சிமெண்ட் காயட்டும் சார், அப்புறம் நாற்காலி போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மேஸ்திரி கிளம்பினார். மே மாதம், சனிக்கிழமை மத்தியானம். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருபதடிக்குப் பன்னிரண்டடி கான்கிரீட் தளம், மேலே கருங்கல் பாவியது போல அச்சு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. காயவும் காய்ந்தது, கத்திரி வெயிலில் அது காய்ந்த வேகத்தைச் சொல்லவே வேண்டாம். பொங்கலுக்குள், தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப்பின் மூடி மூலையில் கிளம்பிய ஒரு விரிசல், கருங்கல் அச்சை எல்லாம் மதிக்காமல் குறுக்கே ஓடி, தென்னை மரத்தடியில் போய் நின்றது.

வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சிமெண்ட் பழசாக இருக்கும் என்றார் ஒருவர். கம்பி போட்டிருந்தால் விரிசலே வந்திருக்காது என்றார் இன்னொருவர். மேலே ஒரு பூச்சு பூசி வேறு டிசைன் போட்டுவிடு, தெரியாது என்றார் மாமா. மூன்றும் பாதி உண்மை கூட இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. கான்கிரீட் சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும். அதை அடியோடு தடுக்க முடியாது, ஆனால் எந்த இடத்தில் விரிசல் விடலாம் என்று முன்னாலேயே இடம் ஒதுக்கிக் கொடுக்கலாம். அலங்காரத் தளத்தின் டிசைன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அச்சும் நிறமும் அதற்குப் பிறகு வருகிற வேலை.

கட்டடம் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டை ஒட்டி, மேலே கூரை இல்லாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரி போடும் தளத்தைத்தான் இப்போது எல்லோரும் பேட்டியோ என்கிறார்கள். நான் தளம் என்றே சொல்கிறேன்.

இது நமக்குப் புதுசா என்ன?

அலங்காரக் கான்கிரீட் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றும். ஈர கான்கிரீட்டில் கல், செங்கல் வடிவ அச்சுகளை அழுத்தும் முறை 1950களில் கலிஃபோர்னியாவில் பிராட் பௌமன் என்பவர் உருவாக்கியது, அது சரி. ஆனால் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீடு ஒன்றில் நுழைந்தால் காலுக்கடியில் குளுகுளுவென்று ஒரு சிவப்புத் தரை இருக்குமே, அந்த ரெட் ஆக்சைடு தரை என்ன? சிமெண்டில் இரும்பு ஆக்சைடு கலந்து தேய்த்து எடுத்த அலங்காரத் தரைதான். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மெஷின் போட்டுத் தேய்த்த மொசைக் தரையும் அந்தக் குடும்பம்தான். ஆத்தங்குடிக் கல் இன்னும் நெருக்கமான உறவு: கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. சுடாமலே அது கல்லாகிறது எப்படி என்ற கேள்விதான் நாம் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்.

காய்வது இல்லை, உறைவது

வடகம் வெயிலில் காய்கிறது. அதிலுள்ள தண்ணீர் வெளியே போய்விடுகிறது, மீதி கெட்டியாகிறது. கான்கிரீட்டும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பேச்சிலும் "சிமெண்ட் காயட்டும்" என்றே வருகிறது. உண்மையில் அது தயிர் மாதிரி. பாலில் உறை ஊற்றி வைத்தால் பாலிலிருக்கும் தண்ணீர் எங்கேயும் போவதில்லை, உள்ளுக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்து எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. சிமெண்ட் தூளும் தண்ணீரும் சேர்ந்ததும் அதே போல ஒரு வேதிவினை தொடங்குகிறது. தண்ணீர் சிமெண்டோடு சேர்ந்து புதிய படிகங்களாக மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடிக்கிறது. இந்த வினைக்குப் பெயர் நீரேற்றம். தண்ணீருக்குள்ளேயே கான்கிரீட் போட்டால் கூட அது இறுகும், பாலத் தூண்களின் அடிப்பகுதி அப்படித்தான் நிற்கிறது. காய்ந்துதான் இறுகும் என்றால் அது நடக்குமா?

தயிர் உவமை இன்னொரு இடத்திலும் கைகொடுக்கும். சித்திரையில் தயிர் சீக்கிரம் உறைந்து புளித்துவிடும், மார்கழியில் விடிய விடிய ஆகும். கான்கிரீட்டும் வெயிலில் வேகமாக உறையும், குளிரில் மெதுவாக. பாதி உறைந்த தயிரைக் கலக்கினால் நீர்த்துப்போவது போல, உறைய ஆரம்பித்த கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி போட்டால் அது சரியாகப் பிடிக்காது. டீ குடித்துவிட்டு வந்து, இறுகிப்போன கலவைக்கு அரைச்சட்டி தண்ணீர் தெளித்து "ஜீவன்" கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும்.

உறைந்த அன்றே வேலை முடிந்ததாகவும் நினைக்கக்கூடாது. ஏழு நாளில் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும். முழு வலிமைக்கு 28 நாளைக் கணக்காக வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கும். கான்கிரீட்டின் தரத்தை எம்20 என்று சொல்கிறார்களே, அந்த 20 என்பது 28ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பதற்கான எண். வீட்டுத் தளத்துக்கு அது தாராளம்.

தண்ணீர்க் கணக்கு

தளத்தின் தலையெழுத்தை எழுதுவது இதுதான், ஆனால் யாரும் பேசாததும் இதுதான்.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நீரேற்றத்துக்கு மட்டும் தேவைப்படுவது சுமார் 12 லிட்டர் தண்ணீர். படிகங்களுக்கு இடையில் தங்குவதையும் சேர்த்தால் 19, 20 லிட்டர். அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை புட்டு மாவு மாதிரி உதிரியாக இருக்கும், கரணையால் தள்ள முடியாது. அதனால் வேலை நடக்கக் கொஞ்சம் கூட்டி, மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் நிறுத்துகிறார்கள். தண்ணீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்தால் வருவது நீர்-சிமெண்ட் விகிதம். இங்கே 25ஐ 50ஆல் வகுத்தால் 0.5. மணலிலேயே ஈரம் இருந்தால் அந்த அளவுக்கு ஊற்றுவதைக் குறைக்க வேண்டும். மழைக்கு நனைந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் நிச்சயமாக.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கலவை தளதளவென்று ஓடினால் இழுத்துவிடுவது சுலபம், இடுப்பு வலிக்காது, அதனால் குடம் குடமாக ஊற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த வெயிலில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் கூடுதலாக ஊற்றிய தண்ணீருக்கு உள்ளே வேலை இல்லை. அது பின்னால் மெல்ல வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாக நிற்கும், தளம் பலவீனமாகும், கூடவே அதிகமாகச் சுருங்கும். நிறம் கலந்த கான்கிரீட்டில் இன்னொரு தண்டனையும் உண்டு: தண்ணீர் கூடக்கூட நிறம் வெளிறும். ஒரு கலவையில் 25 லிட்டர், அடுத்ததில் 32 லிட்டர் என்றால், தளத்தில் இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு பக்கெட்டில் அளவுக்கோடு போட்டு, எல்லா மூட்டைக்கும் அந்தக் கோடுதான் என்று வைத்துக்கொண்டால் போதும், பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம்.

இன்னொரு பழக்கம். கான்கிரீட் போட்டு மட்டம் தட்டியதும் மேலே தண்ணீர் மெல்லக் கசிந்து மினுமினுக்கும், ஜல்லியும் மணலும் கீழே அமர்வதால் மேலேறும் தண்ணீர் அது. அது வற்றும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், உலர்ந்த சிமெண்ட் தூளைத் தூவி உறிஞ்ச வைத்துக் கரணையால் வழவழவென்று இழுத்துவிடுவார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் மேல்தோல் மாவாக உதிரும், துடைப்பத்தில் சாம்பல் நிறத் தூசி வந்துகொண்டே இருக்கும்.

இதுவரைக்கும்: கான்கிரீட் வேதிவினையால் இறுகுகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும், கலக்கும்போது குறைவாக, இறுகிய பிறகு நிறைய. அந்த இரண்டாவது பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

கடலை மிட்டாயும் கோடும்

கான்கிரீட்டின் உள்ளமைப்பு அச்சு அசல் கடலை மிட்டாய்தான். கடலை இருக்கும் இடத்தில் ஜல்லி, பாகு இருக்கும் இடத்தில் சிமெண்டும் மணலும் தண்ணீரும். பாகு கடலையைப் பிடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும், அதிகமானால் பல்லில் ஒட்டும். கான்கிரீட்டிலும் சுருங்குவது பாகுதான், கல் சுருங்காது. அதனால் "ரெண்டு மூட்டை கூடப் போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்பது நாம் நினைக்கிற பலனைத் தராது. சிமெண்டும் தண்ணீரும் கூடினால் சுருக்கமும் கூடும். கையால் அளந்து கலக்கும் எம்20க்கு 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. 100 சதுர அடிக்கு 4 அங்குலக் கனம் என்றால் 33 கன அடி கான்கிரீட், சிமெண்ட் எட்டு மூட்டைக்குள் முடிந்துவிடும்.

சரி, கடலை மிட்டாய் போடுகிறவர் தட்டில் கொட்டித் தேய்த்ததும் என்ன செய்வார்? சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போடுவார். முழுக்க வெட்டுவதில்லை, கோடு மட்டும். ஆறிய பிறகு ஒடித்தால் கோட்டில் சமர்த்தாக ஒடியும். கோடு போட மறந்துவிட்டால் அது இஷ்டத்துக்கு உடையும், பங்கு பிரிப்பதில் வீட்டில் சண்டை வரும்.

தளத்தில் போடும் அந்தக் கோட்டுக்குத்தான் கன்ட்ரோல் ஜாயிண்ட் என்று பெயர். சுருங்கும்போது தளம் தன்னைத்தானே உள்ளுக்கு இழுக்கும், கீழே மண்ணோ அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இழுபறியில் எங்கே கனம் குறைவோ அங்கே பிளக்கும். நாம் ஏற்கெனவே ஒரு கோடு கீறி அந்த இடத்தின் கனத்தைக் குறைத்து வைத்திருந்தால், விரிசல் அந்தக் கோட்டின் அடியில் யார் கண்ணிலும் படாமல் விழுந்துவிடும்.

இதற்கு மூன்று கணக்குதான். ஆழம், தளத்தின் கனத்தில் கால் பங்கு: 4 அங்குலத் தளத்துக்கு 1 அங்குலம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி, கனத்தைப் போல் 24இலிருந்து 30 மடங்கு வரை: நம் தளத்துக்கு 8இலிருந்து 10 அடி. மூன்றாவது, நேரம். ஈரமாக இருக்கும்போதே கீறும் கருவியால் போடலாம், இல்லாவிட்டால் இறுகிய பிறகு வைரப் பல் பொருத்திய கட்டிங் மெஷினால் அறுக்கலாம். மெஷின் என்றால், அறுக்கும்போது ஜல்லி பெயராத அளவுக்கு இறுகியதும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். சென்னை வெயிலில் காலையில் போட்ட தளத்துக்கு அன்று சாயங்காலமே அந்த நேரம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு, திங்கட்கிழமை வந்து வெட்டுகிறோம் என்றால் விரிசல் உங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருக்கும். கட்டங்கள் முடிந்தவரை சதுரமாக இருக்கட்டும். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நடுவில் தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளும்.

எல்லாக் கோடும் இந்த வகை இல்லை. வீட்டுச் சுவர், தூண், கிணற்று உறை, சம்ப், செப்டிக் டேங்க் இவையெல்லாம் தளத்தோடு சேர்ந்து நகராதவை. தளம் இவற்றைத் தொடும் இடத்தில் அரை அங்குலத் தெர்மகோல் அல்லது ஃபோம் பட்டையை முழு ஆழத்துக்கும் வைத்துப் பிரித்துவிட வேண்டும். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரோடு முட்டிக்கொள்ளாமல் நடுவில் பையை வைப்பது போல. இதன் பெயர் ஐசொலேஷன் ஜாயிண்ட். எங்கள் தளத்தில் சம்ப் மூலையில் விரிசல் ஆரம்பித்தது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். பட்டையும் இல்லை, அந்த மூலையிலிருந்து ஒரு கோடும் இல்லை. தளத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் எந்த மூலையும் விரிசலுக்கு அழைப்பிதழ்தான், ஆங்கில 'எல்' (L) வடிவத் தளத்தின் உள்மூலை உட்பட.

கம்பி விஷயம். வெல்ட் மெஷ் என்கிற கம்பி வலை போட்டால் விரிசல் வராது என்பது தப்பு. விட்ட விரிசல் வாய் பிளக்காமல் அது இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதுவும் தளத்தின் நடு உயரத்திலோ சற்று மேலேயோ இருந்தால்தான். தரையில் விரித்துவிட்டு மேலே கான்கிரீட் கொட்டினால், மண்ணுக்கு மெஷ் போட்ட புண்ணியம் கிடைக்கும். கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்ட் கட்டைகளை அடியில் வைத்து உயர்த்தச் சொல்லுங்கள்.

அலங்காரம் இதோடு எங்கே சேர்கிறது என்றால், இந்தக் கோடுகளை மறைக்க வேண்டிய அவமானமாகப் பார்க்காமல் அவற்றையே கோலத்தின் புள்ளி வரிசை போல எடுத்துக்கொண்டு மற்றதை வரைவதில்தான். தளத்தை இரண்டாவது முறை புதிதாகப் போட்டபோது நான் காகிதத்தில் முதலில் வரைந்தது கட்டங்களைத்தான். இருபதடி நீளத்தில் இரண்டு கோடு, பன்னிரண்டடி அகலத்தில் ஒன்று, ஆக ஆறு கட்டம். சம்ப் மூடி எப்படியும் ஒரு கோட்டின் மேல் வருகிற மாதிரி கோடுகளை நகர்த்தினேன். பிறகுதான் எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம், எதில் அச்சு, எது சும்மா என்று யோசித்தது. கல் பாவியது போன்ற அச்சு போடுகிறீர்கள் என்றால் அச்சின் பெரிய இடுக்கும் இந்தக் கோடும் ஒரே வரிசையில் வரும்படி முதல் அச்சை வையுங்கள். குறுக்கே வெட்டினால் மேஜை விரிப்பைக் கத்தரித்த மாதிரி இருக்கும்.

மண் யாருடையது

மெத்தை பள்ளமாக இருந்தால் மேலே எவ்வளவு நல்ல ஜமக்காளம் விரித்தும் முதுகு வலிக்கத்தான் செய்யும். சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா மெத்தை வேறு. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல், தண்ணீர் வடியும், கெட்டித்தால் அசையாது. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சீக்கிரமே பாறை தட்டும். அண்ணா நகர், கே.கே. நகர், பெரம்பூர் பக்கங்களில் களிமண். எங்கள் பின்பக்கத்தில் தோண்டியபோதும் அதுதான் வந்தது. களிமண்தான் வில்லன்: ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு தளத்தைத் தூக்கும், கோடையில் சுருங்கிக் கீழே வெற்றிடம் விடும். வற்றிய ஏரித்தரையில் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்தால் போதும்.

களிமண் என்றால் குறைந்தது அரை அடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவலோ க்வாரி டஸ்டோ போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையாலோ மெஷினாலோ கெட்டிக்க வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க் ஓரத்தில் பழைய குழியை மூடிய மண் இருக்கும், அதை இரண்டு மடங்கு கவனமாக. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் தரையை நனைத்துவிடுங்கள், காய்ந்த மண் கலவையிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். சாக்கடை சேம்பர் மூடிகளின் மேல் மட்டும் தெரியாத்தனமாகக் கூடக் கான்கிரீட் போட்டு மூடிவிடாதீர்கள், அடைப்பு எடுக்க வருகிறவர் கடப்பாரையோடு வருவார்.

மரம் இருந்தால், வேம்பு மாதிரி வேர் பருக்கும் மரத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள். தென்னையின் வேர் கயிறு மாதிரி, பருக்காது, தளத்தைத் தூக்காது. தென்னையில் பயம் வேறு திசையிலிருந்து வருகிறது, நாற்காலியை அதன் அடியில் போடாதீர்கள்.

வாட்டம்

தளம் மட்டமாக இருக்கக்கூடாது. மேஸ்திரிகள் வாட்டம் என்று சொல்வார்களே, அந்தச் சரிவு வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டடி அகலத்துக்கு 3 அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வழவழப்பான தளத்துக்கு இதில் பாதி கூடப் போதும், ஆனால் அச்சுப் போட்டதில் பள்ளங்கள் இருப்பதால் தண்ணீர் தங்கும், கொசு வரும். ட்யூப் லெவல் பிடித்து நான்கு மூலையிலும் குறி வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும். தளத்தின் மேல்மட்டம் பின்வாசல் நிலையைவிட ஒரு படியாவது கீழே இருக்கட்டும், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 100 சதுர அடி தளத்தில் விழுவது மட்டும் ஏறக்குறைய 13,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீருக்கு மேல். 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தோம்? தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் வாட்டத்தைத் தெருப்பக்கம் விடாமல் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுப் பக்கமோ திருப்புங்கள். என்னைக் கேட்டால் பின்பக்கம் முழுவதையும் கான்கிரீட்டால் மூடுவதே வேண்டாம், உட்காரும் இடத்துக்கு மட்டும் தளம், மீதி மண்ணாகவே கிடக்கட்டும். கருவேப்பிலைக்கும் அதுதான் பிடிக்கும்.

கோடு, மண், வாட்டம் மூன்றும் காகிதத்தில் முடிவாகிவிட்டால் தளத்தின் பெரும்பகுதி டிசைன் முடிந்தது. இனி வருவது கண்ணுக்கு.

நிறமும் அச்சும்

நிறம் இரண்டு வழியில் வரும். கலவையிலேயே ஆக்சைடு நிறத்தூளைச் சேர்ப்பது ஒன்று, மேற்பரப்பில் மட்டும் தூவித் தேய்ப்பது மற்றொன்று. முதலாவதில் ஓரம் பெயர்ந்தாலும் உள்ளே அதே நிறம் இருக்கும். அளவு சிமெண்ட் எடையில் 5 சதவீதம் வைத்தால் மூட்டைக்கு இரண்டரைக் கிலோ. 10 சதவீதத்துக்கு மேல் போனால் நிறம் ஏறாது, வலிமைதான் இறங்கும். இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு வெயிலில் வெளுக்காது. சாதாரணச் சிமெண்டே சாம்பல் நிறம் என்பதால் மஞ்சள் சற்று மங்கித்தான் வரும். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் மாதிரித் துண்டு ஒன்று போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஈரத்தில் தெரிகிற நிறம் ஏமாற்றும். கரும் நிறங்களைப் பற்றி ஒன்றுதான்: நாம் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். ஏப்ரல் மத்தியானத்தில் கரும்பலகை நிறத் தளத்தில் துணி காயப்போடப் போய்ப் பாருங்கள்.

அச்சு அழுத்துவதில் நேரம்தான் எல்லாம். மேலே கசிந்த தண்ணீர் வற்றி, விரலால் அழுத்தினால் கால் அங்குலம் பதிந்து, ஆனால் விரலில் ஒட்டாத பதம். சப்பாத்தி கட்டையில் ஒட்டாமலிருக்க மாவு தூவுகிறோமே, அது போல அச்சு ஒட்டாமலிருக்கத் தூவும் பொடிக்கு ரிலீஸ் ஏஜென்ட் என்று பெயர். கோடையில் இந்தப் பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். இருபதடித் தளத்தின் கடைசி மூலைக்குப் போவதற்குள் இறுகிவிட்டால் அச்சுப் பாதிதான் பதியும். எங்கள் முதல் தளத்தில் தென்னைப் பக்கம் அப்படித்தான் ஆயிற்று. விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள், முடிந்தால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு வேண்டாம் என்றால் ஜல்லி தெரிய விடலாம். மேல்பாகு முழுக்க இறுகுவதற்குள் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் உள்ளிருக்கும் கூழாங்கல் வெளியே தெரியும். வழுக்காது, அழுக்குத் தெரியாது, எனக்குப் பிடித்தது இதுதான். மேல்பாகு இறுகுவதைத் தாமதப்படுத்தத் தெளிக்கும் மருந்துகள் சிலவற்றில் சர்க்கரைச் சரக்கு இருக்கும். சர்க்கரைக்கும் சிமெண்டுக்கும் ஆகாது, கொஞ்சம் விழுந்தாலே உறைவது தள்ளிப்போகும். செட்டிநாட்டு வீடுகளில் சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களே என்று கேட்காதீர்கள். அது சுண்ணாம்பு, இது சிமெண்ட், அந்த வைத்தியம் இங்கே செல்லாது.

தண்ணீர் காட்டுவது, பூச்சு அடிப்பது

பாக்கி வைத்த இரண்டாவது பாதி. நீரேற்றம் நாள் கணக்கில் நடக்கிறது என்றேன் இல்லையா, அத்தனை நாளும் மேற்பரப்பு ஈரமாக இருந்தால்தான் நடக்கும். அப்படி ஈரமாக வைத்திருப்பதற்குப் பெயர் க்யூரிங். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் என்கிறது. காலையில் ஒருமுறை ஹோஸ் பிடித்துவிட்டு ஆபீஸ் போவது க்யூரிங் ஆகாது, பத்து மணிக்குள் காய்ந்துவிடும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் இன்னும் கெடுதல்.

அலங்காரத் தளத்தில் இங்கே ஒரு சிக்கல். வழக்கமாக மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள், அல்லது சாக்கைப் போட்டு நனைப்பார்கள். நிறத் தளத்தில் பாத்தி மண் கறை விடும், புதுச் சாக்கும் கறை விடும், பிளாஸ்டிக் ஷீட் போட்டால் அது மடிந்த இடமெல்லாம் திட்டாகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளையாகப் படியும். இதற்கென்று விற்கும், நிறமில்லாத க்யூரிங் மருந்தைத் தெளித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நல்ல தண்ணீரை நாள் முழுக்கச் சீராகத் தெளிக்க ஆள் வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து மேலே தானாகவே வெள்ளை பூக்கலாம். உள்ளிருக்கும் சுண்ணாம்பு தண்ணீரோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது அது. பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், தளம் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

28 நாளுக்குப் பிறகு, நன்றாக உலர்ந்திருக்கும்போது சீலர் அடிக்க வேண்டும். கறையும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் காக்கும் மேற்பூச்சு அது. பளபளப்பு அதிகமுள்ளது மழையில் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மணல்பொடி கலந்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். எப்போது என்று தெரிய, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாக நின்றால் பரவாயில்லை, உறிஞ்சிக் கறுத்தால் நேரம் வந்துவிட்டது.

எங்கள் இரண்டாவது தளத்தில் ஆறு கட்டமும் சிவப்புதான், ஐந்துக்குத்தான் சீலர். துளசி மாடத்துக்கு முன்னால் இருக்கும் கட்டத்தில் சீலர் அடித்த மறுநாளே அம்மா கோலமாவு பிடிக்கவில்லை, விரலோடு வழுக்கிக்கொண்டு போகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.